நாற்றம் நின்ற தொட்டி

அழுகிய காய்கறியில் அடுப்பு எரிக்கலாம் என்று மருமகன் முதன்முதலில் சொன்னபோது, யாரிடமோ நன்றாக ஏமாந்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். நான் படித்தவன் இல்லை. தம்பியும் நானும் வெங்காய மண்டி வைத்திருக்கிறோம். சந்தைக்குப் பின்னால் குவியும் கழிவை ஆயுசு முழுக்கப் பார்த்தவர்கள். அதில் ஈ வரும், எலி வரும். நெருப்பு வந்து நாங்கள் பார்த்ததில்லை.

வந்துவிட்டது. ஆளை விழுங்கும் ஆழத்துக்கு மண்ணுக்குள் தொட்டி கட்டினான். கழிவை அரைத்துத் தண்ணீர் கலந்து உள்ளே விட்டான். அது புளித்து வாயு கிளம்பி, குழாய் வழியாக என் மகள் நடத்தும் கேன்டீன் அடுப்புக்குப் போயிற்று. நீல நெருப்பு, கரி பிடிக்காத பாத்திரம். மிஞ்சிய சாந்தைக் காயவைத்தால் உரம். செடி விற்கிறவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போனார்கள். அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. எங்காவது சிலிண்டரை ஒளித்து வைத்திருப்பானோ என்று ஒரு நாள் குழாயைத் தடவிக்கொண்டே சுவரோரமாகக் கடைசிவரை போய்ப் பார்த்தேன். தம்பி கூடவே வந்தான்.

"அண்ணே, நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும். வெங்காயம் தப்பிச்சிருக்கும்."

தம்பி இப்படித்தான். என்னைக் கிண்டல் பண்ணாமல் அவனுக்குப் பொழுது போகாது. ஆனால் என் மூக்கை மட்டும் கிண்டல் பண்ணமாட்டான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே கெட்டது இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன். நான் தலையாட்டினால்தான் அவன் சரக்கு எடுப்பான்.

அன்று காலை கேன்டீன் அடுப்பு அணைந்துவிட்டது. சரியாக அரைபடாத வாழைத்தண்டின் நார், தொட்டிக்குள் கலக்கிவிடும் துடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. மருமகன் சாந்தை வடித்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, காற்று ஊதும் மெஷினை வாடகைக்கு எடுத்து வரப் போனான். ஊதி முடிக்கும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனான். திறந்து கிடக்கிற குழிக்குக் காற்று எதற்கு? வாடகைக் கடைக்காரனுக்கும் இவனுக்கும் ஏதோ உள்பேச்சு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மூட்டை தூக்குகிறவர்கள் மதியம் பசியோடு வருவார்களே என்று மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நானும் தம்பியும் தொட்டியருகே போனோம். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாக நாற்றம் குறைந்து, பிறகு சுத்தமாக நின்றுபோனது. பொத்திய கையை எடுத்துவிட்டுக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"நாத்தம் போயிடுச்சுடா. உள்ள இருந்ததெல்லாம் வெளியேறிடுச்சு," என்றேன்.

தம்பி மறுபேச்சுப் பேசாமல், நாரை அறுக்கக் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியை உள்ளே இறக்கினான். மகள் ஓடி வந்து தடுத்தாள். அவர் வரட்டும் என்று கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை என்றதும், மூட்டை கட்டும் கயிற்றை எடுத்து அவன் அக்குளுக்கடியில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"உன் பொண்ணு என்னை லாரில ஏத்திடுவா போலிருக்கு," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான்.

தலை விளிம்புக்குக் கீழே போனதும் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. கை ஏணியை விட்டுவிட்டது. வழுக்கவில்லை, தடுக்கவில்லை. ஸ்விட்சை அணைத்தது மாதிரி ஆள் போய்விட்டான். கீழே சேற்றில் பொத்தென்று விழுந்த சத்தம் பிறகுதான் கேட்டது.

எனக்கு மூளை ஓடவில்லை. மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுவது எங்கோ தூரத்தில் கேட்டது. ஏணியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை சட்டையைக் கொத்தாகப் பிடித்து என்னை மல்லாக்கத் தள்ளியது. மருமகன். என்னை அடிக்க வருகிறான் என்றே நினைத்தேன்.

"இறங்கினா நீங்களும் செத்தீங்க மாமா. கயித்தைப் பிடிங்க."

மூன்று பேரும் இழுத்தோம். தம்பி கனத்த உடம்புக்காரன். கயிறு விளிம்பில் உரசி உரசி ஏறியது. வெளியே வந்தவனின் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மருமகன் அவனைத் தொட்டியிலிருந்து தள்ளி இழுத்துப்போய்ப் போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள். தம்பி ஒரு தடவை இருமினான். நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. நான் அப்போதும் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மகள்தான் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகன் குரலை உயர்த்தாமல் சொன்னான். முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு கூடுதலாக இருந்தால் முதலில் மூக்கைத்தான் கொல்லுமாம். நாற்றம் எங்கேயும் போகவில்லை. எங்கள் மூக்குதான் போயிருக்கிறது. நாற்றம் நின்ற அந்த நிமிஷமே நாங்கள் ஓடியிருக்க வேண்டுமாம். இதையும் நம்பாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். தம்பி கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் பார்த்தான். காலையில் நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

"நான் எதுக்கு அதுக்குள்ள இறங்கினேன்?" என்று கேட்டான்.

மகள் தரையைப் பார்த்தாள். மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான்தான்டா சொன்னேன்," என்றேன். "நாத்தம் இல்லன்னு."



"நீ சொன்னா இல்லாமத்தான் இருந்திருக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

காலையிலிருந்து நான் உட்காரவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மருமகன் நாற்காலியை எனக்குப் பின்னால் நகர்த்திப் போட்டான்.