மூன்றாவது சுற்று

ஜெஸ்லின் அதுவரை நான்கு சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டிருந்தாள். நான்கிலும் இரண்டாவது இடம். நான்கிலும் அவளுக்கு முன்னால் வந்தவள் கயல்.

ஜெஸ்லினுக்கு முப்பத்தொரு வயது. தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். அப்பா ஞானசிகாமணி கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராமல் மகள் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

கயல் காமயகவுண்டன்பட்டிக்காரி. இருபத்தேழு வயது. கணவன் தமிழ்மாறனோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் பார்த்தாள். கல்லூரியில் படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் மாவட்டம் வரை போனவள். இரண்டு பேருக்கும் பகையும் கிடையாது, பழக்கமும் கிடையாது. கிளம்புகிற கோட்டில் நிற்கும்போது ஒரு சிரிப்பு, முடிந்ததும் ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான்.

சைக்ளோகிராஸ் என்கிற இந்தப் பந்தயத்தை அந்தப் பக்கம் கொண்டுவந்தவர் சைக்கிள் கடை அருண்பாண்டி. ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் அல்ல அது. சேறு, மணல், கல் மேடு என்று ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். மழைக்காலத்தில்தான் நடத்துவார். தரை காய்ந்திருந்தால் தள்ளிப்போட்டுவிடுவார்.

ஐந்தாவது பந்தயம் அக்டோபரில், காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே நடந்தது. முந்தின நாள் நல்ல மழை. தென்னந்தோப்பின் ஓரத்தில் கிளம்பி, அறுப்பு முடிந்த நெல் வயலின் சேற்றைக் கடந்து, முழங்கால் உயரத்துக்கு நட்டிருந்த இரண்டு பலகைகளைத் தாண்டி, கல் மேட்டில் ஏறி, திராட்சைப் பந்தலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவிலிருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கி, ஓடை மணலைக் கடந்தால் மறுபடி தென்னந்தோப்பு. பெண்களுக்கு ஐந்து சுற்று. ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

காலை ஏழு மணிக்கு விசில் ஊதினார்கள். முதல் இரண்டு சுற்றும் எப்போதும்போலவே போனது. கயல் முன்னால், இருபது நொடி பின்னால் ஜெஸ்லின், அவர்களுக்கு வெகு பின்னால் மற்றவர்கள். ஜெஸ்லினின் சக்கரத்தில் சேறு அப்பிக்கொண்டு சைக்கிள் கனத்தது. கல் மேட்டில் அதைத் தூக்கும்போது ஒவ்வொரு தடவையும் இனி முடியாது என்று தோன்றியது. உச்சிக்கு வந்ததும் அந்த நினைப்பு போய்விடும். கயலின் முதுகு மட்டும் தெரியும்.

மூன்றாவது சுற்றில் அவள் மேட்டின் உச்சிக்கு வந்தபோது அந்த முதுகு தெரியவில்லை.

பந்தல் ஓரம் இறங்கியதும் பார்த்தாள். பந்தலைத் தாங்கி நின்ற கல்கால் ஒன்றில் கயலின் ஹேண்டில்பார் மாட்டியிருந்தது. சைக்கிள் பாதையின் குறுக்கே கிடந்தது. கயல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஜெஸ்லின் இறங்கினாள். குறுக்கே சைக்கிள் கிடந்ததால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

"என்னாச்சு கயல்?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க."

ஜெஸ்லின் அவளைப் பார்த்தாள். வலது தோள் இடதைவிடத் தணிந்திருந்தது. தலை அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. மருத்துவமனையில் பைக்கிலிருந்து விழுந்து வருகிறவர்கள் வாரத்துக்கு நான்கு பேராவது இப்படித்தான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எக்ஸ்ரே எடுக்காமலே அவளுக்குத் தெரியும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிந்திருக்கிறது.

அவள் தன் சைக்கிளைத் தூக்கி, கயலின் சைக்கிளைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தாள். ஏறி மிதித்தாள்.

ஓடை மணலில் கொடி பிடித்து நின்றவர் சுருளி. பக்கத்துத் தோட்டக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவரிடம் போன் இருந்தது. யாராவது விழுந்தால் தகவல் சொல்வதுதான் அவர் வேலை.

"மேல கயல் விழுந்திருக்கு," என்றாள் ஜெஸ்லின், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

சுருளி தலையாட்டினார்.

முன்னால் யாருமே இல்லாமல் ஓட்டுவது அவளுக்குப் புதிது. பாதை முழுவதும் அவளுக்கே கிடைத்தது. தென்னந்தோப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சேற்றில் எந்தப் பக்கம் போனால் சக்கரம் இறங்காது என்று அவளே பார்த்து முடிவு செய்தாள். நன்றாக ஓட்டினாள். அந்த எட்டு நிமிடமும் தனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதைப் பிறகு அவள் மறுக்கவில்லை.

நான்காவது சுற்றில் பந்தலோரம் வந்தபோது கயல் அங்கேயே இருந்தாள். பக்கத்தில் சொர்ணலதா. கம்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறவள், நாற்பத்தாறு வயது, எப்போதும் கடைசியாக வருகிறவள், அன்றும் ஒரு சுற்று பின்தங்கியிருந்தவள். அவள் தன் பந்தயத்தை அத்தோடு விட்டுவிட்டு, கயலின் கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தாள். கட்டு தொங்கலாக இருந்தது. கையின் கனம் முழுவதும் முறிவில் இழுத்தது. கயலின் கண்ணிலிருந்து சத்தமில்லாமல் நீர் வழிந்தது.

"ரெண்டு தடவ எந்திரிச்சு சைக்கிளத் தூக்கப் பாத்திருக்கு," என்றாள் சொர்ணலதா. "நான் வந்து உக்கார வச்சேன். ஒதவிக்கு யாரும் வரல. நீங்க நர்ஸ்தான, கொஞ்சம் பாருங்க."

ஜெஸ்லின் சைக்கிளைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். கட்டை அவிழ்த்து, முழங்கையை ஏந்தி நிற்குமாறு உயர்த்திக் கட்டினாள். விரல்களை அசைக்கச் சொன்னாள். மணிக்கட்டில் நாடி பார்த்தாள். சொர்ணலதாவின் போனை வாங்கி அருண்பாண்டியைக் கூப்பிட்டு, வண்டியை வாய்க்கால் பாதை வரைக்கும் கொண்டுவரச் சொன்னாள். இதற்கெல்லாம் நான்கு நிமிடம் ஆனது.

"நீங்க போயி முடிங்க," என்றாள் சொர்ணலதா. "நான் இருக்கேன்ல."

ஜெஸ்லின் போய் முடித்தாள். மற்றவர்கள் அவ்வளவு பின்தங்கியிருந்ததால் அப்போதும் அவள்தான் முதல்.

பரிசு கொடுக்கும்போது அருண்பாண்டி மைக்கைப் பிடித்தார். விழுந்து கிடந்த போட்டியாளருக்காகத் தன் பந்தயத்தை நிறுத்தி, முதலுதவி செய்து, அதற்குப் பிறகும் முதலில் வந்த நம்ம சிஸ்டர் என்றார். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜெஸ்லின் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். சொர்ணலதாவின் பெயரை யாரும் சொல்லவில்லை.

கயலை ஜெஸ்லினின் மருத்துவமனைக்கே கொண்டுபோயிருந்தார்கள். சாயந்தரம் அவள் சீருடையோடு வார்டுக்குப் போனாள். எலும்பு முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாக விலகியிருந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். விழுந்தபோதே விலகியதா, அவள் எழுந்து சைக்கிளைத் தூக்கப் பார்த்தபோது விலகியதா என்று ஜெஸ்லின் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர்.

தமிழ்மாறன் டீ வாங்கப் போயிருந்தான். கயல் விழித்திருந்தாள்.

"மொதத் தடவையே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்லக்கா?"

"தெரிஞ்சிருச்சு."

"நாந்தான் போகச் சொன்னேன்."

"ஆமா."

கயல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "சொன்னேன்தான். ஆனா நீங்க நிப்பீகன்னு நெனச்சேன்."

ஜெஸ்லின் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸின் வேகத்தைச் சரிபார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. தமிழ்மாறன் டீயோடு வந்து, "ரொம்ப நன்றிங்க சிஸ்டர். நீங்க இல்லாட்டி என்ன ஆயிருக்கும்," என்றான். அவள் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் பந்தயக் குழுவின் வாட்ஸ்அப்பில் பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. மத்தியானத்துக்குமேல் பேச்சு திரும்பியது. ஒருவர் எழுதினார்: மணல்ல கொடி பிடிச்சு நின்ன ஆளு என்ன செஞ்சாரு? இன்னொருவர்: போன வச்சுக்கிட்டுச் சும்மாவே நின்னாராம். அருண்பாண்டியும் எழுதினார்: அவரை இனிமேல் கூப்பிடப்போவதில்லை. சுருளியும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஜெஸ்லின் அதைப் பணிக்கு நடுவில் படித்தாள். பணி முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் காரில் உட்கார்ந்து எழுதினாள்.

"நேற்று மைக்கில் சொன்னது சரியில்லை. மூன்றாவது சுற்றிலேயே நான் கயலைப் பார்த்தேன். எலும்பு முறிந்திருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். நிற்கவில்லை. சுருளி அண்ணனிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் நான்தான். அவர்மேல் தப்பு இல்லை. முதலில் நின்றது சொர்ணலதா அக்கா."

அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தாள். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அருண்பாண்டி கூப்பிட்டுவிட்டார்.

"எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்? யாரும் ஒங்களக் கேக்கலையே."

"சுருளி அண்ணனக் கேட்டீகள்ல."

அருண்பாண்டி அதை விட்டுவிட்டார். "கோப்பையத் திருப்பித் தரணும்னு விதியெல்லாம் இல்ல. நின்னு பாக்கணும்னும் விதி இல்ல. நீங்கதான் முதல்."

"சரி," என்றாள். கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதாக அவள் சொல்லவும் இல்லை.

அடுத்து அவளே சுருளியைக் கூப்பிட்டாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணும் இல்லன்னு சொன்னீக. நான் நம்புனேன்," என்றார். "நர்சம்மா சொன்னா நம்பத்தான செய்வாக." அத்தோடு போனை வைத்தார்.

குழுவில் அன்றைக்கு அதற்குமேல் யாரும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவர் சங்கிலிக்குப் போடும் எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பேச்சு அந்தப் பக்கம் போனது.

அப்பா ஞானசிகாமணிக்கு யாரோ அவள் எழுதியதை அனுப்பியிருந்தார்கள். சாப்பிடும்போது, "நீயாத்தான் எழுதுனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கயலுக்குத் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கையைத் தலைக்குமேல் தூக்கக் கூடாது. திராட்சைப் பந்தல் வேலை எல்லாமே தலைக்குமேல்தான். அந்தப் போகத்தில் கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக்கும் இலை கிள்ளுவதற்கும் அவள் இல்லை. ஜெஸ்லின் ஒருநாள் போன் செய்து, லீவு நாளில் வந்து கூட நின்று வேலை செய்யட்டுமா என்று கேட்டாள்.

"வேணாங்க்கா. ஆள் வச்சுட்டோம்," என்றாள் கயல். குரலில் கோபம் இல்லை. கூப்பிடுகிற தொனியும் இல்லை. ஜெஸ்லின் மறுபடி கேட்கவில்லை. தையல் பிரிக்கவும், பிறகு சோதனைக்கும் கயல் வந்த நாட்களில் ஒருமுறை மட்டும் அவள் பணியில் இருந்தாள். கையை எவ்வளவு தூரம் தூக்க வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டாள். தோள் மட்டத்துக்கு வந்தது.

டிசம்பர் பந்தயத்தில் ஜெஸ்லின் கலந்துகொண்டு நான்காவதாக வந்தாள். பாதையில் வந்த எல்லா இறக்கத்திலும் வேகத்தைக் குறைத்தாள். ஏன் என்று அருண்பாண்டி கேட்டதற்கு டயர் சரியில்லை என்றாள்.

அதற்கடுத்தது மார்ச்சில், கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில். பருவம் தப்பிய மழை பெய்ததால் அவசரமாக அறிவித்தார்கள். கயல் வந்திருந்தாள். காறை எலும்பின்மேல் தழும்பு பனியனுக்கு வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் கோட்டில் பக்கம் பக்கமாக நின்றார்கள். கை எப்படி இருக்கிறது என்று ஜெஸ்லின் கேட்டாள். பரவாயில்லை, சைக்கிளைத் தூக்கி ஓடும்போது மட்டும் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன் என்றாள் கயல். விசில் ஊதினார்கள்.

குமுளியிலிருந்து முதன்முறையாக வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி இருவரையும் இரண்டாவது சுற்றிலேயே தாண்டிப் போனாள். அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஜெஸ்லின் இரண்டாவது, கயல் ஐந்தாவது.

முடிந்ததும் குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கயல் குச்சியால் பிரேக்கில் அப்பியிருந்த மண்ணைக் குத்திக்கொண்டே பேசினாள்.

"அந்தப் பிள்ள மேட்டுல எறங்கவே இல்லக்கா. மிதிச்சே ஏறிப் போச்சு. பாத்தீகளா?"

"பாத்தேன். டயர்ல காத்து ரொம்பக் கம்மியா வச்சிருக்கா போல."

"எவ்வளவு வச்சிருக்கும்?"

"தெரியல."

"வாங்க, கேப்போம்."

ஜெஸ்லின் குழாயை மூடினாள். அந்த மாணவி தூரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்கள்.