அக்கரைத் தங்கை

துரையின் கால்சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டு காதில் விழுந்தது. ஓடைக்கு மேலே புல்மேட்டில் லாரபீனா உட்கார்ந்து, மடியிலிருந்த குட்டிச் சிப்பிகளை நரம்பில் கோத்தபடி தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவளுடைய நாய்கள். கையில் வேலை இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. அவள் முதல் அடியை முடித்ததும் இரண்டாவதை நான் எடுத்தேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. கடைசியில் மூக்கை இழுத்து ஒரு உறுமல் வரும். அதையும் விடாமல் உறுமி வைத்தேன்.

மேட்டிலிருந்து சிப்பிகள் உருண்டு ஓடையில் விழுந்தன.

"வினி! அத எங்கடி கத்துக்கிட்ட?"

"எத அக்கா?"

"இப்ப பன்னி மாதிரி ஒண்ணு செஞ்சியே, அத!"

நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவள் இறங்கி வந்து என் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பாட்டு எங்க சனங்க எல்லாருக்கும் தெரியும். உறுமல் யாருக்கும் கிடையாது. அது எங்கம்மா வச்சது. என் தங்கச்சி தூங்காம அடம் பிடிப்பா. அம்மா வளை தோண்டிக் கிடக்குற வாம்பட் மாதிரி உறுமினா சிரிச்சுக்கிட்டே தூங்கிருவா. எங்க அடுப்பச் சுத்திப் படுத்தவங்களத் தவிர வேற யாருக்கும் அது தெரியாது. சொல்லு, யாரு பாடினா?"

"சூசன் பார்ட்டில்னு ஒருத்தி பாடுவா. அக்கரைல, புரூனித் தீவுல. படகு கட்டுறவன் பொண்டாட்டி. நான் இங்க வர்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்லதான் வேலைல இருந்தேன். பிள்ளையத் தூங்க வைக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாடுவா."

"எங்க ஆளா?"

"உங்க ஆளுதான். சின்னதுல கடல்நாய் வேட்டைக்காரனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்களாம். அம்மா முகம்கூட ஞாபகம் இல்லன்னு சொல்லுவா."

லாரபீனா ஓடைக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் துவைத்து வைத்த கால்சட்டை தண்ணீரோடு போனது, யாரும் பிடிக்கவில்லை. அவள் அழுதாள், சிரித்தாள், என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு நடுவே கிடந்த கடலுக்கு அப்பால் கை நீட்டினாள். தைல மரங்களுக்கு மேலே மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

"அதுவா?"

"அதேதான்."

"திமேனா," என்றாள் புகையைப் பார்த்து. "அவ பேரு சூசன் இல்லடி. திமேனா. தினமும் அந்தப் புகையப் பாத்திருக்கேன். எவனோ வெள்ளைக்காரன் மரத்த எரிக்கிறான்னு திட்டிக்கிட்டு இருந்தேன்."

இந்த மண்ணின் ஆதிக்குடிகளான லாரபீனாவின் சனங்களை அரசாங்கம் வடக்கே ஒரு தீவுக்கு அனுப்பி வைத்திருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். மிஞ்சியவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம்தான் இந்த முகாம். ஈரம் தாங்காமல் கைதிகளுக்கே ஆகாது என்று விட்ட கட்டிடம் இது. நான் கைதி. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போன வருஷம் பண்ணையாரின் கன்றுக்குட்டியை ஓட்டிவந்து தெருவுக்கே சமைத்துப் போட்டேன். அந்த ஒரு விருந்துக்காக உலகத்தின் இந்தக் கடைக்கோடிக்குக் கப்பலேற்றினார்கள். அக்கரையில் எஜமானியை எதிர்த்துப் பேசியதற்காக இக்கரைக்கு மாற்றினார்கள். அந்த நாக்குக்கு இப்போது நன்றி சொன்னேன்.

அன்று மத்தியானமே முகாம் கண்காணிப்பாளர் பில்பீம் துரையிடம் போய் நின்றோம். துரை கெட்டவர் இல்லை. எதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று பயந்தவர்.

"ஹோபார்ட்டுக்கு எழுதறேன். அடுத்த கோடைக்குள்ள பதில் வரும்," என்றார்.

"என் தங்கச்சிய நான் பாக்கறதுக்கு ஹோபார்ட்டுல இருக்கறவன் எதுக்கு யோசிக்கணும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கே."

"அவளத் தூக்கிட்டுப் போனவன் யாருக்கு எழுதிட்டுத் தூக்கினான்?"

துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை லாரபீனா மறுபடியும் போனாள். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு. "துரை, கடல் தெளிவா இருக்கு. சிங்க இறால் பிடிச்சிட்டு வரட்டா? படகு பிடிச்சுக்க ஒரு ஆளு வேணும், வினிய அனுப்புங்க." துரைக்குச் சிங்க இறால் என்றால் உயிர். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. நான் போட்ட போட்டில் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. நாய்கள் கரையில் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தன. பிறகு பொறுக்கமாட்டாமல் நீந்தி வந்து ஏறிக்கொண்டன.

"இதுங்களே உன்ன விட நல்லாப் போடும்," என்று லாரபீனா இரண்டு துடுப்பையும் பிடுங்கிக்கொண்டாள். பாதி தூரம் வரை வாய் ஓயவில்லை. தங்கைக்குக் கன்னத்தில் குழி விழும், மீன் முள்ளுக்குப் பயப்படுவாள், எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். மறுகரை தெளிவாகத் தெரியத் தெரியப் பேச்சு குறைந்தது. படகு மணலில் இடித்தது.

திமேனா கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, வாயில் புகையும் சுங்கான், கையெல்லாம் கருப்புத் தார்.

"யாரது வினியா? திரும்பவும் துரத்திட்டாங்களா உன்ன?" என்று சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. பிறகு என் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "இது யாரு? நாய்ங்கள மீன் பக்கம் விடாதீங்க."

"பாடு அக்கா," என்றேன் மெல்ல.

லாரபீனா வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கை இழுத்து, வளையிலிருந்து வெளியே வரும் கிழட்டு வாம்பட் போல ஓர் உறுமல் உறுமினாள்.

தார் மட்டை மணலில் விழுந்தது. சுங்கானும் விழுந்தது.

திமேனா கிட்டே வந்தாள். லாரபீனாவின் தலைமுடியை, கழுத்தை, தோளை முகர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவா நீ?" என்று குழந்தை போலக் கேட்டாள்.

"அக்காடி! அம்மான்னா இவ்ளோ அழகா இருப்பேனா?"

இருவரும் கட்டிக்கொண்டு மணலில் உருண்டார்கள். எழுந்தபோது லாரபீனாவின் முகமெல்லாம் தார். நாய்கள் இதற்குள் மீனை முடித்திருந்தன. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அந்தப் பகலை எப்படிச் சொல்வது? திமேனாவின் புருஷன் பார்ட்டில் ஓடி வந்தான், பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பெரியம்மா என்று சொன்னதும் மூன்றும் வரிசையாக அவள் மடியில் ஏறின. திமேனாவுக்குத் தன் பாஷை அந்தப் பாட்டோடு சரி. லாரபீனா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கொடுத்தாள்: நெருப்பு, சிப்பி, நாய், மூக்கு. திமேனா திருப்பிச் சொல்வாள், தப்பாகச் சொல்வாள், லாரபீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"இப்ப என்ன சொல்லிட்டேன்?"

"உன் புருஷன் நல்லா வெந்துட்டான்னு சொன்ன."

பிறகு இரண்டு பேரும் பாறையிலிருந்து ஒன்றாகக் குதித்தார்கள். கடற்பாசிக்குள் போனவர்கள் வெகுநேரம் வரவில்லை; நான் கத்தத் தொடங்கும்போது ஆளுக்கு இரண்டு சிங்க இறாலோடு வந்தார்கள். சாம்பலில் சுட்ட ரொட்டி, நெருப்பில் வாட்டிய இறால், கறுப்புத் தேநீர். பார்ட்டில் பிடில் வாசித்தான். எங்கள் ஊர் ஆட்டத்தை நான் ஆடிக் காட்டினேன், அவர்கள் ஊர் ஆட்டத்தை லாரபீனா ஆடினாள். முடிவில் எது யாருடையது என்று தெரியாத ஓர் ஆட்டத்தை எல்லோரும் ஆடினோம். நடுவில் ஒருமுறை லாரபீனா நின்று, வடக்குத் தீவில் புதைத்துவிட்டு வந்தவர்களின் பெயர்களைத் தங்கையிடம் சொன்னாள். அம்மாவின் பெயரும் இருந்தது. திமேனா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிடில் நின்றிருந்தது. "வாசி, மாப்ள," என்றாள் லாரபீனா. "அம்மாவுக்கு ஆட்டம்னா பிடிக்கும்."

சாயங்காலம் காற்று திசை மாறி அலை வெள்ளையாக எழுந்தது. படகு விட முடியாது. சொன்ன நேரத்துக்குத் திரும்பாத கைதி என்றால் ஓடிப்போன கைதி என்றுதான் கணக்கு. அப்படியும் அன்றைக்குப் போல வயிறு நிறையத் தின்று நான் தூங்கியதில்லை.

காலையில் திமேனா தன் பெரிய படகில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். பில்பீம் துரை துறையிலேயே நின்றிருந்தார். முகம் சிங்க இறாலைவிடச் சிவப்பு.

"வினிஃபிரெட் காஃப்னி! நீ மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் சொல்லணும்!"

திமேனா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, இறால் கூடையை அவர் காலடியில் வைத்தாள். "நான் திருமதி பார்ட்டில். படகுக்குச் சொந்தக்காரி. இது எங்கக்கா. காத்தடிச்சதுக்கு வினி என்ன பண்ணுவா? மாஜிஸ்திரேட்டுகிட்ட நானும் வர்றேன். நான் அவ தங்கச்சிதான்னு தெரிஞ்சும் அடுத்த கோடைக்கு வான்னு சொன்ன துரை யாருன்னு எங்கக்காவும் வந்து சொல்லுவா."

துரை கூடையைப் பார்த்தார். கூடை அசைந்தது. "எழுதித்தான் ஆகணும். காத்தைப் பத்தியும் எழுதறேன்," என்றார் இறங்கிய குரலில். அதன் பிறகு லாரபீனா அக்கரைக்குப் போவதற்கு அவர் யாரையும் கேட்டு எழுதவில்லை. அவள் போகும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

துரை எழுதிய கடிதத்தால் எனக்குக் கொஞ்ச காலம் ஹோபார்ட் ஜெயிலில் துவைக்கும் வேலை கிடைத்தது. எங்கிருந்தாலும் துவைப்புத்தான். நான் சொன்ன கதையைக் கேட்டு அந்த முற்றமே சிரித்துக் கிடந்ததில், காவல்காரி இரண்டு தடவை வாளியால் தண்ணீர் ஊற்றினாள்.

தண்டனைக் காலமெல்லாம் முடிந்து விடுதலையான அன்று எங்கே போவது என்று தெரியாமல் துறைமுகத்துக்கு நடந்தேன். தூரத்திலேயே சண்டை கேட்டது. படகில் லாரபீனா ஒரு துடுப்பைப் பிடித்து இழுக்க, திமேனா மறுமுனையை விடாமல் நின்றிருந்தாள். பிள்ளைகள் கைகொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வர்றப்ப பூரா நீதான போட்ட? இப்ப நான்!"

"நான் மூத்தவ!"

என்னைப் பார்த்ததும் இருவரும் ஒரே நேரத்தில் துடுப்பை விட்டார்கள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் லாரபீனா. "வீட்டுக்குப் பின்னால பார்ட்டில் உனக்கு ஒரு குடிசை கட்டிட்டு இருக்கான். கூரை இன்னும் போடல. மழை வர்றதுக்குள்ள போகணும், ஏறு."

ஏறினேன்.