மழை வீடு

மாரிட் காலைல வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கிப் பார்த்தா, ரயில் பாலத்துக்கு அடியில போற ரோடு காய்ஞ்சு கிடக்கு. காய்ஞ்சு கிடக்கிறது மட்டுமில்ல, சுவத்துக்குப் புதுசா வெள்ளை பெயிண்ட் வேற. முந்தாநாள் வரைக்கும் முழங்கால் தண்ணி நின்ன இடம். மழை விட்டு எத்தனை நாள் ஆனாலும் அடியில இருந்து ஊறிக்கிட்டே இருக்கிற தண்ணி. இன்னைக்குன்னு பார்த்து ஒரு சொட்டு இல்ல. ஓரத்துல, அடைமழையில ஈடு கொடுக்காத டீசல் பம்பு தடதடன்னு ஓடிட்டிருக்கு. பக்கத்துல மேயர் வெர்லின், கையில பிரஷ்ஷும் மூக்கு நுனில பெயிண்ட்டுமா பெருமை தாங்காம நிக்கிறாரு.

"எப்படி மாரிட்? நேத்தே பம்பப் போட்டுட்டோம். விருந்தாளி வர்ற அன்னைக்கு ஊரு அசிங்கமா இருக்கலாமா?"

மாரிட் தலையில கை வச்சா. "ஐயோ வெர்லின், அந்த அசிங்கத்தப் பாக்கத்தானே அவங்க வர்றதே!"

வெர்லின் பிரஷ்ஷப் பார்த்தாரு. அப்புறம் சுவத்தப் பார்த்தாரு. "அட ஆமால்ல," அப்படின்னாரு.

நார்ட்பி சின்ன ஊரு, மினசோட்டாவுல. தண்டவாளம் ஊர ரெண்டா வெட்டிப் போட்டிருக்கு. கிழக்க வீடுங்க, மேற்க ஸ்கூலு, கடை, ஆஸ்பத்திரி. நடுவுல இந்தப் பள்ளந்தான் வழி. சுத்திப் போற மண் ரோடும் அதே மழையில முழுகிரும். தண்டவாளத்துக்கு மேல ஒரு பாலம் கட்டணும்னா ஊரையே வித்தாலும் பத்தாது. ஆனா வாஷிங்டன்ல இருக்கிற தொகுதி உறுப்பினர் வருஷா வருஷம், இந்த ஊருக்கு இந்த வேலைன்னு பேர் சொல்லி மத்திய அரசுகிட்ட கேக்கலாம். விரல் விட்டு எண்ணிடுற அளவு வேலைதான், கேட்டு நிக்கிற ஊருங்களோ வரிசை கட்டி. எந்த ஊரச் சேக்கிறதுன்னு பார்த்துச் சொல்லத்தான் உறுப்பினர் ஆபீஸ்ல இருந்து ரெனாட்டா வர்றாங்க. நகர நிர்வாகியா மாரிட் இந்த ஒரு நாளுக்காக மாசக்கணக்கா போன் அடிச்சு, மெயில் அனுப்பி, கெஞ்சாத குறை. அவ வீடும் கிழக்கதான்.

ரெனாட்டா வந்தாங்க. பள்ளத்துல வண்டி அலுங்காம வந்துச்சு. "நல்லாதான இருக்கு?"ன்னு கேட்டுட்டே இறங்கினாங்க. மாரிட் பதில் சொல்றதுக்குள்ள ஊர்க்காரி ஆர்டிஸ் வந்து அவங்க கையப் பிடிச்சு, பக்கத்துல இருக்கிற தீயணைப்புக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மேற்க ஸ்கூல் பக்கத்துல வீடு ஆர்டிஸுக்கு. மேசை முழுக்க எலுமிச்சை கேக், உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ், காபி. பாதி ஊரு ஞாயித்துக்கிழமைச் சட்டை போட்டு வந்து உக்காந்திருக்கு.

"தண்ணி ஏறினா ரொம்பக் கஷ்டமோ?" ரெனாட்டா பேனாவோட கேட்டாங்க.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க," அப்படின்னாரு வெர்லின். "இதவிட மோசமான ஊரெல்லாம் இருக்கு."

மாரிட் மேசைக்கு அடியில அவரு கால எத்தினா.

"ஆ!" அவரு துள்ளினாரு. "கொசு. இங்க கொசுதாங்க கொஞ்சம் கஷ்டம்."

"நாங்க சமாளிச்சுக்குவோம்," ஆர்டிஸ் தட்ட நீட்டினா. "நீங்க இன்னொரு துண்டு எடுங்க கண்ணு."

ஒவ்வொருத்தரும் இதே பாட்டுதான். இந்த ஊர்ல கால் உடைஞ்சு கிடக்கிறவனக் கேட்டாலும், "இன்னொரு கால் நல்லா இருக்குல்ல"ம்பான். குறை சொன்னா கௌரவம் போயிரும்னு வளந்த ஜனங்க. ரெனாட்டா எழுதுறத நிறுத்திட்டாங்க. பேனா மூடிய கையில எடுக்கிறது மாரிட் கண்ணுல பட்டுச்சு. போச்சு, எல்லாம் போச்சு.

"நீங்க எந்தப் பக்கம் மாரிட்?" சும்மா பேச்சுக்குக் கேட்டாங்க.

"நான் கிழக்க. பொண்ணு பிரிட்டா மேற்க படிக்கிறா. அதுலயும் பிரச்சனை இல்லைங்க, மழை வீடு இருக்கே." வாயில இருந்து வந்தப்புறம்தான் அவளுக்கே உறைச்சுது, தானும் அதே பாட்டத்தான் பாடுறோம்னு.

"மழை வீடுன்னா?"

"ஸ்கூல்ல சேக்கிறப்பவே பேசி வச்சிருவோம். தண்ணி ஏறினா புள்ள அன்னைக்கு மேற்கயே ஒருத்தங்க வீட்ல தங்கிக்கும். கிழக்க இருக்கிற எல்லாப் புள்ளைக்கும் ஒரு மழை வீடு உண்டு. பிரிட்டாவுக்கு ஆர்டிஸ் வீடு. தனி டூத்பிரஷ், தனி தலகாணி, ராஜபோகம்! முதல் பல்லே அங்கதான் விழுந்துச்சுன்னா பாருங்களேன்!"

அவ சிரிச்சா. கூட யாரும் சிரிக்கல.

ஆர்டிஸ் தட்டக் கீழ வச்சா. "விழுந்த பல்ல எடுத்துட்டு, வழக்கம்போல தலகாணிக்கு அடியில காசு வச்சது நான்தான்," மெதுவா சொன்னா. "அம்மா நீ வைக்க வேண்டியது. எனக்கு அன்னைக்கு என்னமோ திருடின மாதிரி இருந்துச்சு மாரிட்."

 பல்லு விழுந்த அன்னைக்குச் சாயங்காலம் மாரிட் தண்ணிக்குக் கிழக்க நின்னா. போன்ல புள்ள ஓட்டைப் பல்லக் காட்டிச் சிரிச்சுது. அந்தப் பக்கம் ஆர்டிஸ் வீட்டு மாடி வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுது. கூப்பிட்டா கேக்கிற தூரந்தான். வீட்டுக்குப் போய்க்கூட மனசு வலிச்சத யார்கிட்டயும் சொல்லல, பிரிட்டா ஜாலியா இருந்தாளாம்னு மட்டும் சொன்னா.

"கஷ்டமாதாங்க இருக்கு," அப்படின்னா மாரிட்.

கூடத்துல யாரோ மூச்ச இழுத்தாங்க. வெர்லின் தொப்பியக் கழட்டினாரு. "ஆமாங்க," அப்படின்னாரு. "ரொம்பக் கஷ்டந்தான்." பின்னாடி ஒருத்தரு, "ஆம்புலன்ஸும் அந்தப் பக்கமே நின்னுருதுங்க"ன்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. தப்பு பண்ணின புள்ளைங்க மாதிரி, தரையப் பார்த்துட்டே.

ரெனாட்டா மூடியக் கீழ வச்சுட்டு எழுதினாங்க, எழுதிட்டே இருந்தாங்க. கடைசில நிமிந்தாங்க. "கிடைக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா அந்தத் தண்ணிய எனக்குப் பாக்கணும்."

"தண்ணி இப்ப இல்லையேம்மா," வெர்லின் நெளிஞ்சாரு. "பெயிண்ட் அடிச்சுத் தொலைச்சுட்டேனே."

மாரிட் எந்திரிச்சு நேரா பள்ளத்துக்குப் போனா. பின்னாடியே ஊரும் வந்துச்சு, கையில கேக் தட்டோட. அவ குனிஞ்சு பம்ப நிறுத்தினா. அந்தத் தடதட நின்னதும் குருவி கத்துறது கூடக் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல. வெர்லின் சுவத்தையே முறைச்சுட்டு நின்னாரு, தண்ணிய வாடா வாடான்னு கூப்பிடுற மாதிரி.

அப்புறம் ரோட்டு வெடிப்புல கறுப்பா ஒரு கோடு ஈரம். அது ரெண்டாச்சு, நாலாச்சு, ஒண்ணோட ஒண்ணு சேந்து மெல்ல மினுங்க ஆரம்பிச்சுது. "வந்துருச்சு!" ஆர்டிஸ் சின்னப் புள்ளையாட்டம் கத்தினா. அந்தத் தண்ணியப் பார்த்து அந்த ஊரு சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான். புது வெள்ளைச் சுவத்தோட அடியில பழுப்பா ஒரு கறை ஏறுச்சு. தண்ணி ரெனாட்டாவோட ஷூ நுனியத் தொட்டுச்சு. அவங்க கால எடுக்கல.