இரண்டு பத்தி அகல முகம்

ஒரு பக்கத்தை யாரும் எடுத்த எடுப்பில் படிப்பதில்லை. படிப்பதற்கு முன்பே கண் அதில் ஒரு சுற்றுப் போய் வந்துவிடும். பத்தொன்பது வயதிலேயே இது ஞானசம்பந்தத்துக்குப் பிடிபட்டிருந்தது. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, பேப்பரை விட்டுவிட்டு அவர்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து கண்டுபிடித்த சங்கதி அது. பக்கத்தில் முகம் இருந்தால் கண் முதலில் முகத்துக்குப் போகும். பிறகு இருப்பதிலேயே பெரிய எழுத்துக்கு. அங்கிருந்து நடுத்தர எழுத்துக்கு இறங்கும். பொடி எழுத்துவரை வந்து சேர்கிறவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் எல்லாவற்றையும் படித்துவிட்ட திருப்தியோடு பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவன் படித்த திருப்பூர்க் கல்லூரியில் மாணவர்கள் 'இளந்தறி' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். எழுதுவது ஆத்தப்பன். எழுதியதைப் பக்கத்தில் அடுக்குவது சம்பந்தம். அவன் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் ஒரு விரற்கடைகூட வீணாகக் கூடாது என்பது அந்த வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடம். சம்பந்தம் அதைத் தாளில் செய்தான். முதல் பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டு, எந்தச் செய்தி எங்கே, எந்தத் தலைப்பு எத்தனை பெரிசு என்று பென்சிலால் வரைந்துகொண்டுதான் அச்சகத்துக்கே போவான்.

அந்த மாதம் பக்கத்தின் நட்டநடுவில், இரண்டு பத்தி அகலத்துக்கு, சடுகுடு அணித் தலைவனின் படம் வர வேண்டும். படமென்றால் பிளாக். துத்தநாகத் தகட்டில் முகத்தைப் புள்ளி புள்ளியாக அரித்தெடுத்து மரக்கட்டைமேல் அடித்துக் கோயமுத்தூரிலிருந்து அனுப்புவார்கள். அச்சடிக்கிற நாள் மத்தியானம் கடைசி பஸ் பார்சலும் இறங்கியது. பிளாக் வரவில்லை.

பிளாக் வராததில் அப்படி என்ன வந்துவிட்டது என்று தோன்றும். அச்சுக் கோத்த பக்கத்தில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. தாளில் வெள்ளையாகத் தெரிகிற இடத்திலும் கட்டை இருக்கும். எழுத்தைவிட உயரம் குறைந்த கட்டை, அதனால் மை படாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் இரும்புச் சட்டத்துக்குள் நெருக்கி அடுக்கி, ஓரத்தில் ஆப்பு வைத்து இறுக்கினால்தான் பக்கம் நிற்கும். நடுவில் ஓட்டை விட்டுத் தூக்கினால் அத்தனை எழுத்தும் பொலபொலவென்று தரையில் கொட்டிவிடும். வெறும் கட்டையை வைத்து அடைக்கலாம். அடைத்தால் முதல் பக்கத்தின் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு வெள்ளைச் சதுரம் நிற்கும். அதற்குச் சம்பந்தத்தின் மனசு ஒப்பவில்லை.

அச்சகக்காரர் சுப்பையன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, மூலையிலிருந்த கள்ளிப்பெட்டியைக் கைகாட்டினார். கேட்டு வராத பழைய பிளாக்குகள் அதில் கிடந்தன. சம்பந்தம் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தான். மாட்டுத் தீவனம், முருகன் வேல், ஒரு கல்யாண ஜோடி. அடியில் ஒரு வாலிபனின் முகம் அகப்பட்டது. இரண்டு பத்தி அகலம். உயரமும் ஒரு நூல் பிசகில்லை.

"யாருதுங்க இது?" என்று கேட்டான்.

"எந்தக் காலத்து நோட்டீஸோ தம்பி. அளவு ஒத்து வந்தா எடுத்துக்க."

என்ன நோட்டீஸ் என்று கேட்டிருக்கலாம். அவன் கையில் அளவுகோல் இருந்தது. அளவு ஒத்து வந்திருந்தது.

ஒரு பிரதி எடுத்துப் பார்த்தபோதுதான் முகம் நேராகத் தெரிந்தது. நடுவகிடு எடுத்த தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, யாரோ திடீரென்று பின்னாலிருந்து கூப்பிட்டது போல லேசாகத் திகைத்த பார்வை. பார்த்ததும் சம்பந்தத்துக்கு வழி தோன்றிவிட்டது. வகுப்புக்கே வராத மாணவனைக் கிண்டல் செய்து ஆத்தப்பன் கடைசிப் பக்கத்துக்கு ஒரு துணுக்கு எழுதியிருந்தான். அதை முன்னால் கொண்டுவந்தால் போதும். அந்தத் திகைத்த முகம் அதற்கென்றே பிறந்தது போலிருந்தது. ஆத்தப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருவருமாக அடுக்கினார்கள்.

மேலே, மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்தில், 'காணவில்லை'. நடுவில் முகம். முகத்துக்குக் கீழே நடுத்தர எழுத்தில், 'ஈரோடு ஜங்ஷன் எதிரே பரோட்டாக் கடையில் பார்த்ததாகத் தகவல்'. அதற்கும் கீழே பொடி எழுத்தில் விஷயம்: பெயர் அட்டெண்டன்ஸ் அய்யாசாமி, ஜூன் மாதம் வகுப்பிலிருந்து கிளம்பியவர், கண்டுபிடித்துக் கொடுப்போருக்கு எகனாமிக்ஸ் வாத்தியாரின் நோட்ஸ் பூராவும் இனாம். படிக்கிறவன் முதல் மூன்று இடத்திலும் நெசமென்று நம்பி வர வேண்டும், நாலாவது இடத்தில் வெடிச்சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதற்காகவே பொடி எழுத்தைச் சம்பந்தம் இன்னும் ஒரு அளவு குறைத்தான்.

முகம் தெளிவாக விழுவதற்கும் அவன் பாடுபட்டான். பிளாக்கை அப்படியே வைத்து அடித்தால் கன்னமெல்லாம் கரியாகிவிடும். அழுத்தம் வேண்டிய இடம் பார்த்து, தாளுக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டி உயர்த்த வேண்டும். கண்ணுக்கு ஒன்று, மூக்கின் நிழலுக்கு ஒன்று, வகிட்டுக்கு ஒன்று. சாயங்காலம்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

இதழ் வந்த அன்று கல்லூரி முழுக்கச் சிரித்தது. எகனாமிக்ஸ் வாத்தியாரே சிரித்தார். விளம்பரம் கொடுத்த காதர்பேட்டை பனியன் கடைகளுக்கும் வழக்கம்போலப் பிரதிகள் போயின. தன் பக்கம் மெஷின் மாதிரி வேலை செய்கிறது என்று சம்பந்தம் நடந்த நடையே வேறாக இருந்தது.

அடுத்த வாரம் தெய்வாத்தாள் வந்தாள்.

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் கிராமத்தில் காடு தோட்டம் பார்க்கிறவள். கண்டாங்கிச் சேலை, கையில் மஞ்சள் பை. சம்பந்தமும் ஆத்தப்பனும் இருந்த படிப்பறையில் பியூன் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனான். அவள் மடித்து வைத்திருந்த 'இளந்தறி'யைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். மகன் பொங்கியண்ணன் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன், மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பியவன், ஊடு வந்து சேரவில்லையாம். அன்றைக்கு நோட்டீஸ் போட்ட அதே படம்தானாம் இது. காதர்பேட்டைக் கடையில் மூட்டை தூக்கும் பக்கத்து ஊட்டுக்காரர் பார்த்து, பெரிய எழுத்தையும் நடு எழுத்தையும் கூட்டிப் படித்து, கையோடு கொண்டுவந்து கொடுத்தாராம். பையில் அவனுக்கு ஒரு சட்டை எடுத்து வந்திருந்தாள்.

ஆத்தப்பனின் முகத்தில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஈரோட்டுல பார்த்ததா போட்டிருக்குதாமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "எந்தக் கடைங்க கண்ணு அது? நான் இப்பவே போறனுங்க."

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சம்பந்தம் வாயைத் திறந்தான். அவள் முகம் எதிரே இருந்தது; மகனுடையது போலவே, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல. அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஜங்ஷனுக்கு எதுத்தாப்பல இருக்கற கடைங்கம்மா."

அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னோம் என்று ஒரு நொடி அவனுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்ததும் காதுமடல் சுட்டது. பியூனை விட்டுச் சொல்லச் சொல்லலாமா என்றான் ஆத்தப்பன். சம்பந்தம் எழுந்து ஓடினான். அவன் ரோட்டுக்கு வரும்போது அவள் ஏறிய ஈரோட்டு பஸ் நகர ஆரம்பித்திருந்தது. தொற்றி ஏறினான்.

அவளுக்குப் பின் இருக்கையில் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் சொல்லி இறக்கிவிடலாம் என்று நினைத்தான். அந்த நிறுத்தம் வந்து போனது. அதற்கு அடுத்ததும் போனது. அவள் பக்கத்தை மடிமேல் விரித்து, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊத்துக்குளியில் வெண்ணெய் டின்னோடு ஒருவர் ஏறி, அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். நின்றவர் கண் அவள் மடிக்கு இறங்கியது. சம்பந்தம் அந்தக் கண்ணையே பார்த்தான். முதலில் முகத்துக்குப் போயிற்று. பிறகு மேலே, பெரிய எழுத்துக்கு. அவர் 'த்சொ' கொட்டினார். பிறகு நடு எழுத்துக்கு இறங்கிற்று. அங்கேயே நின்றுவிடாதா என்று சம்பந்தம் வேண்டிக்கொண்டான். பக்கம் அடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் யாரிடமும் விரும்பாத ஒன்றை, தன் பக்கத்தைப் படிக்காமல் விட வேண்டும் என்பதை, அந்த வெண்ணெய்க்காரரிடம் விரும்பினான். அவர் படிக்கத் தெரிந்தவர். குனிந்து, கண்ணை இடுக்கி, பொடி எழுத்துக்கு வந்தார். அவன் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே இடத்தில் சிரித்தார்.

"ஏனுங்க சிரிக்கறீங்க?" என்று தெய்வாத்தாள் நிமிர்ந்தாள்.

"கேலிக்குப் போட்டதுங்காத்தா இது. காலேஜ் பசங்க குசும்பு. கீழ பாருங்க," என்று அவர் சத்தமாகப் படித்தார். அட்டெண்டன்ஸ் அய்யாசாமி. ஜூன் மாதம். நோட்ஸ் பூராவும் இனாம். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அம்மா." சம்பந்தம் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நான்தானுங்க போட்டேன். யாரு மொகம்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கவும் கேக்கலீங்க. ஈரோட்டுல யாரும் பார்க்கலீங்க."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ கடை சொன்னயே கண்ணு."

"சொன்னனுங்க."

வெண்ணெய்க்காரர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். சிரித்தவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சம்பந்தம் உட்காரவில்லை. ஏதாவது திட்டினால் வாங்கிக்கொண்டு நிற்க ஒரு இடமாவது இருக்கும். அவள் திட்டவில்லை. பக்கத்தைத் தடவிக்கொண்டு, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொன்னாள்:

"நோட்டீஸ்ல மொகமே தெரியலீங்க. கரி பூசுனாப்பல இருந்துச்சு. அதனாலதான் ஒருத்தரும் அடையாளஞ் சொல்லலியோ என்னமோ. இதுல நல்லாத் தெளிவா வந்திருக்குது."

கண்ணுக்கு ஒன்று, மூக்கின் நிழலுக்கு ஒன்று, வகிட்டுக்கு ஒன்று என்று ஒட்டிய விரல்களைச் சம்பந்தம் கம்பியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அடுத்த ஊரில் இறங்கித் திரும்பிவிடலாம், நானே கூட்டிப்போய் ஊட்டில் விடுகிறேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் மாட்டேனென்று தலையாட்டிவிட்டாள். இத்தனை தூரம் வந்தாயிற்று, ஒரு எட்டு பார்த்துவிட்டே போகிறேன் என்றாள். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றால் என்ன, யாரும் பார்க்காமல் இருக்க அவன் என்ன காற்றா என்று கேட்டாள்.

ஈரோட்டில் இறங்கியதும் அவள் பக்கத்தை அவனிடம் நீட்டி, சிரிக்கிற எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவன் காட்டினான். நடு எழுத்துக்கும் கேட்டாள், அதையும் காட்டினான். முகத்துக்குக் கீழே நகத்தால் அழுத்தி நேராக மடித்துக் கொடுத்தான். மடித்த பிறகு அதில் இருந்தது 'காணவில்லை' என்ற சொல்லும் முகமும்தான். பொய் என்று அதில் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு பக்கம் போடத் தனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தான்.

ஜங்ஷன் எதிரே முதல் கடையில், மாவு படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மாஸ்டர் பக்கத்தை வாங்கினார். முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெரியவில்லை என்றார். பிறகு மடிப்பில் விரலை விட்டார்.

"கீழ என்னமோ எழுதியிருக்குதே?"

தெய்வாத்தாளின் கட்டைவிரல் மடிப்பின்மேல் வந்து அமர்ந்தது.

"கீழ ஒண்ணுமில்லீங்க சாமி. மொகத்த மட்டும் பாருங்க."

மாஸ்டர் இன்னொரு தரம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவள் பக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவனைத் திட்டினால் தேவலை என்று அவனுக்கு மறுபடியும் இருந்தது. அவளோ வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். கடைகள் நிறைய இருந்தன.

"எனக்கு நாக்கு வறண்டு போச்சு," என்று பக்கத்தை அவன் கையில் கொடுத்தாள். "அடுத்த கடையில நீயே கேளு கண்ணு."

அவன் உள்ளே போய், மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தை நீட்டினான். கடைக்காரரின் கண் முதலில் முகத்துக்குத்தான் போயிற்று.