பேச்சித்தாயின் மத்தியானம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. பக்கத்தில் இருந்தால்தான் காதில் விழும்.

மணலிக்குறிச்சியில், புத்தகத்தில் பக்கம் இல்லாதவர்களுக்கு மத்தியானம் கிடையாது. பதினெட்டு வயசு ஆனதும் எல்லாரும் நூலகத்துக்குப் போய், தன்னைப் போல ஒரு ஆள் இருக்கிற பக்கத்தைக் காட்டிப் பதிந்துகொள்வார்கள். பதிந்தவர்களுக்குப் பன்னிரண்டு மணிச் சங்குக்குப் பிறகு ஒரு மணி, இரண்டு மணி என்று வரிசையாக வரும். பதியாதவர்களுக்குச் சங்கு ஊதி முடிந்தால் ஆறு மணி.

பேச்சித்தாய்க்கு வயசு நாற்பது. இருபத்திரண்டு வருசத்தில் அவள் மத்தியானச் சோறு சாப்பிட்டது ஏழே நாள்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே தன் சின்னக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவாள். தூரிகையைப் பெயிண்டில் முக்குவாள், சங்கு ஊதும், நிமிர்ந்தால் தெருவிளக்கு எரியும். தூரிகை கட்டையாகக் காய்ந்திருக்கும். அதை மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பாள்.

ஆனாலும் அவள் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த வட்டாரத்தில் எந்த வண்டியானாலும், அவள் எந்த ஊர் நம்பர் எழுதினாளோ அந்த ஊருக்குத்தான் திரும்பிப் போகும். ஓட்டுகிறவர் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும்.

பதினெட்டு வயசில் அவளும் நூலகத்துக்குப் போனவள்தான். நூலகர் கோமதிநாயகம் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

“உன்னை மாதிரி ஆளுன்னா எப்படிம்மா இருப்பா?”

“எனக்கு ஆம்பளை வேண்டாம் ஸார். கூட ஒரு பொம்பளை இருக்கணும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல.”

நல்ல மனுஷன். மூன்று நாள் ஏணி போட்டுத் தேடினார்.

“இந்தா, அறுபத்து நாலாம் பக்கம். அறுபத்தாறுல ரெண்டு பேரும் கிணத்துல விழுந்துருதாங்க.”

“வேற?”

“இதுல ஒருத்தி இருக்கா. கடைசியில புத்தி பேதலிச்சுரும்.”

“வேற?”

“ஒரு நாடகம் இருக்கும்மா. சிரிப்புக்கு எழுதினது.”

அதை வாங்கிக்கொண்டாள். ஏழு நாள் மத்தியானம் வந்தது. ஏழு நாளும் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பந்தலடியில் படுத்திருந்த நாய்கூட எழுந்து சிரித்தது. எட்டாம் நாள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வருசங்கள் போயின. பஸ் நிலையத்து ஓரத்தில் இஸ்திரி வண்டி போட்டிருந்த சூசையம்மாள், பதினோரு மணிக்கு டீ குடிக்கப் பேச்சித்தாயின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தக் கால் மணி நேரம்தான் இரண்டு பேருக்கும். சாயங்காலம் ஆனால் சூசை வீடு வீடாகத் துணி கொடுக்கப் போவாள். அப்புறம் அண்ணன் வீடு, அடைத்த கதவு.

சூசைக்குப் பக்கம் இருந்தது. அவள் அண்ணன் பார்த்துப் பதிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கப்பலில் போன புருஷனுக்காகக் காத்திருக்கிறவள். இருநூற்றுப் பதிமூன்றோடு புத்தகம் முடிகிறது. அதுவரைக்கும் அவன் வரவில்லை. அதனால் சூசை தினமும் மத்தியானம் பஸ் நிலையத்து பெஞ்சில் காத்திருப்பாள்.

“நேத்து மத்தியானம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள் பேச்சித்தாய்.

“எப்படி இருக்கும்? வெயிலு. ஒரு காக்கா வந்து பெஞ்சுல உக்காந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் அதுவும் போயிருச்சு ஏட்டி.”

“நான் எங்க இருந்தேன்?”

“நீ எங்க இருந்தே? உன் ஸ்டூல்தான் இருந்துச்சு. அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த வருசம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. நாச்சியார், தங்கக்கிளி என்று இரண்டு பெண்கள் சேர்ந்து ரயிலடியில் லாட்ஜ் நடத்துகிற கதை. ஊரே அதற்கு அடிமை. வியாழக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். அந்தப் பக்கங்களைக் கிழித்து, சனிக்கிழமை நூலகத்தில் கூடி உட்கார்ந்து, ஊசி நூலால் சேர்த்துத் தைப்பார்கள். ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போனால் வாசகர்களில் ஒருத்தர் அந்த வாரத்தைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் அலமாரியில் நிற்காது, சரிந்துவிடும். முன்னே ஒரு வெள்ளத்தில் கட்டு வராதபோது முடிதிருத்துகிற சுடலைமுத்து எழுதினார். அப்போது வந்துகொண்டிருந்த அரண்மனைத் தொடர்கதையில் திடீரென்று ஒரு முடிதிருத்துகிறவர் வந்து மூன்று பக்கம் சவரம் செய்தார். நூலக முத்திரை விழுந்தது. சுடலைமுத்து இன்றைக்கும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

பத்தொன்பதாம் வாரம் தங்கக்கிளியைப் பெண் பார்க்க ஆள் வந்தார்கள். பேச்சித்தாய் அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து ஸ்டூலுக்கு அடியில் வைத்தாள்.

“சூசை, நான் ஒரு மத்தியானம் எழுதினா உன் பக்கத்தை விட்டுட்டு வருவியா?”

“கப்பல்ல போன ஆளு வந்துட்டாருன்னா?”

பேச்சித்தாய் தூரிகையைத் துடைத்தாள். சூசையே மறுபடி கேட்டாள்.

“என்ன எழுதுவே?”

“ஒண்ணும் நடக்காது. ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்க.”

“யாரும் சாக மாட்டாங்களே?”

“மாட்டாங்க.”

“யாரும் பாத்துச் சிரிக்க மாட்டாங்களே?”

“நாமதான் சிரிப்போம்.”

சூசை கரியை ஊதிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது பேச்சித்தாய் அந்தப் பதினோரு மணி பஸ்ஸின் பிளேட்டைத் துடைத்து மலையூர் நம்பரை எழுதினாள். பஸ் டவுனுக்குப் போய், பத்திரிகைக் கட்டை ஏற்றிக்கொண்டு, ரோடு பிரிகிற விலக்கு வந்ததும் மலைப்பக்கம் திரும்பிவிட்டது. பிரயாணிகள் அங்கே காரட் வாங்கிக்கொண்டு மறுநாள் வேறு பஸ்ஸில் வந்தார்கள், கட்டு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் விட்டுப்போன வாரத்தை எழுதினாள். லாட்ஜுக்கு அன்றைக்கு ஆள் வரவில்லை. நாச்சியாரும் தங்கக்கிளியும் கதவைச் சாத்திப் பாய் விரித்தார்கள். மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி போட்டுத் தின்றார்கள். தங்கக்கிளி நாச்சியாரின் கைமேல் தலை வைத்துத் தூங்கினாள். கை மரத்துப்போனது. நாச்சியார் எடுக்கவில்லை. அவ்வளவுதான். மேலே ஒரு படமும் எனாமல் பெயிண்டில் போட்டாள்.

சனிக்கிழமை அதை வாசிக்கக் கேட்டார்கள். “ஒண்ணும் நடக்கலையே. ஆனா எனக்கு வாய் ஊறுது” என்றார் சுடலைமுத்து. தைத்தார்கள். கோமதிநாயகம் முத்திரை குத்தி, நூற்று நாற்பத்தோராம் பக்கத்தை அவள் பேருக்கு எழுதினார்.

“கூட இருக்கிறவ?”

“அவளே வந்து பதிஞ்சுக்குவா ஸார்.”

“சீக்கிரம் வரச் சொல்லும்மா. வியாழக்கிழமை தங்கக்கிளிக்குக் கல்யாணமாம். அதோட ரெண்டு பேரும் பிரிஞ்சுருவாங்க, இந்தப் பக்கம் செல்லாது.”

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதியது. பன்னிரண்டு ஒன்று ஆனது. பேச்சித்தாய் ஸ்டூலில் இருந்தாள். வெயில் சூசை சொன்ன மாதிரியேதான் இருந்தது. எதிரே பெஞ்சில் சூசை பஸ் வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா வந்தது, போனது. பேச்சித்தாய் மாங்காயைக் கீறினாள், தின்னவில்லை. திங்களும் அப்படி. செவ்வாயும் அப்படி. மத்தியானம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை ஒரு மணிக்கு இஸ்திரி வண்டி தெருவைத் தாண்டி வந்தது.

“இருநூத்திப் பன்னிரண்டைக் குடுத்துட்டேன். அந்த ஆளு வந்தா என்ன சொல்லன்னு ஸார் கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“துணி குடுக்கப் போயிருக்கா, வர நேரமாகும்னு சொல்லச் சொன்னேன். மாங்கா எங்கட்டி?”

கடைக்குள் கதவைச் சாத்திப் பாய் விரித்தார்கள். தின்றார்கள். காரத்தில் சூசைக்கு விக்கல் எடுக்க, இரண்டு பேரும் சிரித்தார்கள். சூசை பேச்சித்தாயின் இடது கைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

ஆறு அடிக்கக் கால் மணி இருக்கும்போது மத்தியானம் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பியது. பேச்சித்தாய் மரத்துப்போன கையை அசைக்கவில்லை. வலது கையை நீட்டி ஒரு வெறும் பிளேட்டை எடுத்தாள். மணலிக்குறிச்சி நம்பரை எழுதினாள். மத்தியானத்தைச் சற்று நிற்கச் சொல்லி, அதன் முதுகில் பிளேட்டை வைத்து, நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாக முடுக்கினாள்.