நாலு ஆட்டின்

இசபெல் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடிக்குள் பதிமூன்று சீட்டு. வாசலில் வில்வண்டி வந்து நின்றுவிட்டது.

"ஏட்டி, போதகரு எறங்கியாச்சு!" கதவிடுக்கில் அம்மா நேசபாய் பதறினாள். "சாகக் கெடக்கும்போதும் ஒத்தையில நாலு பேரு சீட்டையும் பிரிச்சுப் போட்டு ஆடுத மனுசன் லோகத்துல உண்டுமா? எடுத்துத் தொலை!"

"விடுங்கப்பா."

செல்வதாஸ் விடவில்லை. பக்கவாதம் இடது பக்கத்தைத்தான் கொண்டுபோயிருந்தது. வலது கைக்கு இன்னும் பிடிவாதம் இருந்தது. உதடு எதையோ கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தது. இசபெல் ஒரே இழுப்பில் பறித்தாள். மெத்தையில் கிடந்த மற்றச் சீட்டுகளையும் அள்ளித் தலையணைக்கு அடியில் திணித்தாள். போதகர் யேசுரத்தினம் உள்ளே வந்தார்.

செல்வதாஸ் பத்மநாபபுரம் கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்தவர். வக்கீல்மார் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டு ஆடுகிறார் என்று தெரிந்த அன்றே சபை அவருக்குத் திருவிருந்தை நிறுத்தியது. மனம் திரும்பினேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் கண்ணை மூடினால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

"எங்க மூத்தவன் அங்கதான் கெடக்கான், ஐயா," என்றாள் நேசபாய். "நாளைக்கு எனக்கும் அங்கதான். இவர மட்டும் வேற மண்ணுல போட்டுராதீங்க."

"என் கையில என்னம்மா இரிக்கு? அவருல்லா சொல்லணும்." போதகர் கட்டிலில் குனிந்தார். "செல்வதாசே, ஒரு வார்த்த சொல்லும்."

செல்வதாஸின் கண் போதகரைத் தாண்டிப் போய் இசபெல்லிடம் நின்றது. வாய் குழறியது.

"நாலு... நாலு ஆட்டின்."

இசபெல் தலையணையைப் பார்த்தாள். ஆட்டின் என்றால் சிவப்பு இதயம் போட்ட சீட்டு. அதைத் துருப்பாக வைத்து, பதிமூன்றில் பத்துப் பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பதுதான் நாலு ஆட்டின். சீட்டு ஆடுகிற எவனுக்கும் தெரியும்.

போதகர் சீட்டைத் தொட்டதே இல்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆட்டின், ஆட்டின்னு முடிக்க முடியாமத் தவிக்காரு பாத்தியளா! நம்ம ஆண்டவர, ஆட்டுக்குட்டியானவரைச் சொல்லுகாரு. பரலோகத்துல நாலு ஜீவன்களும் அவரு முன்னால விழுந்து கும்பிடுகதப் பாக்காரு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இசபெல் வாயைத் திறந்தாள். அம்மா போதகரின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இசபெல் வாயை மூடிக்கொண்டாள்.

விளக்கு வைக்குமுன் செல்வதாஸ் போய்விட்டார்.

மறுநாள் கோயில் மணி அடித்து, பாட்டுப் பாடி, மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. அந்தக் கடைசி வார்த்தையையே போதகர் பிரசங்கமாக்கினார். பெண்கள் விம்மினார்கள். மதிலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நின்ற வக்கீல் நீலகண்ட பிள்ளை மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கிளப்பில் செல்வதாஸின் கூட்டாளி அவர்தான்.

கூட்டம் கலைந்ததும் இசபெல் அவரிடம் போனாள்.

"மக்கா, நெசமாட்டு அப்பிடியா சொன்னாரு?" சிரிக்கத் தொடங்கியவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆமா மாமா."

"கை நல்ல கையாட்டு வந்திரிக்கும். இல்லேன்னா அவ்வளவு தூரம் கேக்க மாட்டாரு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "உனக்குத் தெரியாது. கூட்டாளி ரெண்டு பேருல, ஏலம் நிக்க ஜாதிச் சீட்ட எவன் மொதல்ல கேக்கானோ, ஆட்டம் அவனுக்கதாக்கும். கூட்டாளி ஏலத்த ஏத்திக் குடுக்கலாம். பொறவு தன் கைய மலத்தி வச்சுட்டுச் சும்மா இரிக்கணும். அதுக்குப் பேருதான் டம்மி. உங்கப்பாக்கு டம்மியா இரிக்கச் சொன்னா தேளு கொட்டுன மாதிரி! எப்பவும் முந்திக் கேட்டுப்போடுவாரு. இத்தன வருசத்துல எனக்கு ஒரு ஆட்டம் விட்டுத் தந்திரிப்பாரா?"

இசபெல் மதிலின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"நேத்து விட்டுத் தந்தாரு மாமா."

"யாருக்கு?"

"ஒரு ஆட்டின்னு மொதல்ல கேட்டது நான்."