பூங்குழலியின் பல்வேர்

மைசூரு மண்டி மொஹல்லாவில் பல் டாக்டர் உமாதேவி, பூங்குழலியின் கடைசிக் கடைவாய்ப்பல்லைக் குறடால் அசைத்தபோது அவளுடைய அடிவயிறு அசைந்தது. குறுக்கே படுத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு, ஈறுக்குள் பாதி புதைந்து கிடந்த பல் அது. எக்ஸ்ரேயில் அதன் வேர் தாடையோடு முடியாமல் கழுத்துப் பக்கம் இறங்கி, படத்தின் விளிம்பையும் தாண்டிப் போயிருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து வியாபாரி ஒருவருக்குத் தோள்வரை போன வேரை எடுத்தவர் உமாதேவி. அதனால் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே சீழ் கோத்திருக்கிறது, விட்டால் தொண்டையை அடைத்துவிடும், இன்றே எடுத்துவிடலாம் என்றார்.

ஊசி போடும் முன் வழக்கம்போல, முழுகாமல் இருக்கிறாளா என்றும் கேட்டிருந்தார். இல்லையென்று தலையாட்டிவிட்டாள் பூங்குழலி. ஹனூர்ப் பக்கத்தில் அவள் வீட்டுப் பெண்கள் மூன்று மாதம் முடியாமல் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை; சொன்னால் கண் பட்டுவிடும். ஏற்கெனவே இரண்டு முறை ஆசையை அடக்க மாட்டாமல் சொல்லி, இரண்டு முறையும் தங்கவில்லை. இம்முறை, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த கணவன் பரத்துக்கே தெரியாது. ஊரிடம் மறைக்கலாம், டாக்டரிடமுமா என்று கேட்பது சுலபம்; பட்டவளுக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

டாக்டர் மறுபடி இழுத்தார். தாடை மரத்திருந்தது, தொப்புளுக்குக் கீழே மட்டும் யாரோ விடாப்பிடியாக எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். மிகச் சின்னப் பிடி. சொன்னால் போய்விடும், சொல்லாவிட்டால் இவர் பிடுங்கியே விடுவார்.

“நோவாகுத்தா?” என்றார் உமாதேவி.

பூங்குழலி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “விட்டுருங்க மேடம். கொழந்த அதைப் புடிச்சுட்டு இருக்குதுங்க. மூணு மாசம் இன்னும் முடியலீங்க.”

பரத் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். உமாதேவி குறடைக் கீழே வைத்தார். ஈறைக் கீறிச் சீழை மட்டும் எடுத்துவிட்டு, பேறுகாலம்வரை அந்தப் பல்லை எவரும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகு பல் வலித்த நாளெல்லாம் பூங்குழலி நிம்மதியாகச் சோறு உண்டாள். வலிக்காத நாளில் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒருநாள் விடிந்ததிலிருந்து வலியே இல்லை. ஊதுபத்திக் கம்பெனியில் வேலை ஓடாமல், நாக்கால் பல்லை நெம்பிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பிரசவத்தின்போது நர்ஸ் தொப்புள்கொடியை அறுத்துவிட்டு, இன்னொரு கிளிப் கேட்டு வாங்கி, குழந்தையின் கைக்குள் இருந்த வேரையும் அறுத்தாள். பூங்குழலியின் பல்வலி சட்டென்று நின்றது. நெஞ்சு பதறி எழப் பார்த்தாள். அப்போதுதான் குழந்தை வீறிட்டது. பெண் என்றார்கள், இரண்டே முக்கால் கிலோ என்றார்கள். வேரைக் கையிலிருந்து பிடுங்க வேண்டாம், அதுவாக விடும்போது விடட்டும் என்றாள் பூங்குழலி. நர்ஸும் சரியென்று, அதோடு சேர்த்தே துணியில் சுற்றிக் கொடுத்தாள்.